ராணிக்கு ஒரே ஒரு கல்யாணம்தான்! வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஐரோப்பாவுல இருக்கிற குண்டுத் தேனீ, அதாங்க பம்பிள் பீ பத்தி ஒரு சின்ன பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதுல “இதோட ராணி வாழ்நாள்ல பெரும்பாலும் ஒரே ஒரு ஆணோடதான் சேரும்”னு ஒரு வரி வரும். அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. அதனால இந்த முறை சினிமா, அரசியல் கேள்விகளுக்கு லீவு, முழுக்க குண்டுத் தேனீதான்.

கேள்வி: எங்கட வீட்டு பால்கனியில போன ஆகஸ்ட் மாசம் ஒரு பெரிய பம்பிள் பீ கிடந்தது. அதின்ர பின்பக்கத்தில சின்னன் ஒண்டு ஒட்டிக்கொண்டு அரை மணித்தியாலத்துக்கு மேல அசையவே இல்லை. பெரிசு பறக்க வெளிக்கிட்டால் சின்னனும் தொங்கிக்கொண்டு போகுது. தாயும் பிள்ளையுமோ, இல்லாட்டி சண்டையோ? (ஒரு வாசகி, சூரிச்)

பதில்: ரெண்டும் இல்லீங்க, அது ஜோடி. குட்டித் தேனீன்னு ஒண்ணு பறந்து திரியவே திரியாது, கூட்டுப்புழுவுல இருந்து வெளிய வரும்போதே முழு சைஸ்லதான் வரும், அதுக்கப்புறம் ஒரு மில்லிமீட்டர் கூட வளராது. நீங்க பார்த்த பெருசு இந்த வருஷத்துப் புது ராணி, ஒட்டிக்கிட்டிருந்தது ஆண். உங்க பக்கம் சகஜமா இருக்கிற பாம்பஸ் டெரெஸ்ட்ரிஸ்ங்கிற இனத்துல ராணி ஆணை விட நல்லாவே பெருசு, நினைச்சா அவனைத் தொங்கவிட்டுக்கிட்டே பறந்து போயிடும். நீங்க கொடுத்து வெச்சவங்க, ஏன்னா வருஷக்கணக்கா இதையே ஆராய்ச்சி பண்றவங்க கூட வெளியில தோட்டத்துல இதைப் பார்த்தது அபூர்வம், லேப்ல கூண்டுக்குள்ள விட்டுத்தான் பெரும்பாலும் பார்க்கிறாங்க.

அந்த அரை மணி நேரம் இருக்கே, அதுலதான் விஷயமே இருக்கு. விந்து போய்ச் சேர்றதுக்கு முதல் சில நிமிஷமே போதும். அப்புறம் எதுக்கு மிச்ச நேரம் முழுக்க, சில சமயம் ஒரு மணி நேரத்தையும் தாண்டி, அவன் விடாம தொத்திக்கிட்டு இருக்கான்? பசை மாதிரி ஒண்ணை ராணியோட உடம்புக்குள்ள வெச்சு அடைக்கிறான். முன்னாடி எல்லாரும் என்ன நினைச்சாங்கன்னா, அது வெறும் மூடி, அடுத்த ஆணோட விந்து உள்ள போகாம தடுக்குது, அவ்ளோதான்னு. உங்க ஊர் இடிஹெச் பல்கலைக்கழகத்துல போரிஸ் பேயர், பால் ஷ்மிட் ஹெம்பெல்னு ரெண்டு பேர் இதை நோண்டிப் பார்த்தாங்க, 2001ல வந்த முடிவு கொஞ்சம் விசித்திரமா இருந்துச்சு. அந்தப் பசைக்குள்ள இருந்த ஒவ்வொரு பொருளையும் தனித்தனியா பிரிச்சு, இன்னும் சேராத ராணிகளுக்கு செலுத்திப் பார்த்ததுல, லினோலீக் ஆசிட்ங்கிற ஒரே ஒரு கொழுப்பு அமிலம்தான் வேலை செஞ்சுது, அது உள்ள போன ராணிக்கு ஆண்கள் மேல இருந்த ஆர்வமே குறைஞ்சுபோச்சு. ஏதோ யாரும் கேள்விப்படாத ஸ்பெஷல் ஹார்மோனா இருக்கும்னு பார்த்தா, நம்ம சமையலறையில இருக்கிற சூரியகாந்தி எண்ணெய்ல பாதிக்கு மேல அதே லினோலீக் அமிலம்தான். அதாவது கதவுக்குப் பூட்டு போடுறதோட நிக்காம, வீட்டுக்காரிக்கு வெளிய போற எண்ணமே வராம பண்ணிட்டுப் போறான். பலே ஆளுதான்.

கேள்வி: நான் அடுக்குப்பெட்டியில தேனீ வளர்க்கிறேன். எங்க ராணி பறந்து போய் பத்து இருபது ஆணோட சேர்ந்துட்டு வரும், அப்பதான் கூடு ஆரோக்கியமா இருக்கும்னு பயிற்சியில சொல்லிக்கொடுத்தாங்க. அப்ப பம்பிள் பீ ராணி மட்டும் ஏன் ஒண்ணோட நிறுத்துது? அதுக்கு நஷ்டம் இல்லையா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பயிற்சியில சொன்னது சரிதான். பல அப்பா இருந்தா கூட்டுக்குள்ள பல விதமான பிள்ளைங்க, ஒரு நோய் வந்தா எல்லாரும் ஒண்ணா படுத்துக்க மாட்டாங்க. இதையே குண்டுத் தேனீக்கும் டெஸ்ட் பண்ணிப் பார்த்தவங்க மேல சொன்ன அதே சூரிச் ஆளுங்கதான். ராணிகளுக்கு செயற்கை முறையில விந்து செலுத்தி, சிலதுக்கு ஒண்ணுக்கொண்ணு சொந்தமான ஆண்களோடது, சிலதுக்கு சொந்தமே இல்லாத பல ஆண்களோடது, அப்படி உருவான கூடுகளை வெளியில வயல்ல கொண்டுபோய் வெச்சாங்க. பல அப்பா இருந்த கூட்டுல ஒட்டுண்ணி கம்மி, புது ராணிகளும் ஆண்களும் அதிகம். 1999ல நேச்சர் பத்திரிகையில இது வந்தப்ப, அப்புறம் ஏன்டா நிஜத்துல ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணுன்னு இருக்குதுன்னு எல்லாருக்குமே தலைவலி.

ரெண்டு வருஷம் கழிச்சு அதே ஆளுங்க மறுபடி பண்ணாங்க, இந்த முறை ஒரு ஆண், ரெண்டு ஆண், நாலு ஆண்னு படிப்படியா. ஒரு ஆணோட இருந்ததை விட ரெண்டு ஆண் இருந்த கூடு மோசம்! நாலு வந்தப்ப மறுபடி ஏறிடுச்சு. எனக்கு இந்த ஆராய்ச்சியில ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். பத்து கணவன் நல்லதா இருக்கலாம், ஆனா பரிணாமத்துல ஒண்ணுல இருந்து ஒரே தாவா பத்துக்குப் போக முடியாது, நடுவுல ரெண்டு மூணைத் தாண்டணும், அந்த நடுப்படியிலயே நஷ்டம்னா எவ ஏறுவா? அதுக்கு மேல ஆண் வேற பசை போட்டு வழியை அடைச்சுட்டுப் போறான். ஆக ஒரு ஆணோட நிக்கிறது ராணி எடுத்த முடிவா, இல்ல அவ மேல திணிச்சதான்னு கேட்டா ரெண்டும் கலந்ததுன்னுதான் நான் சொல்வேன். எல்லா இனமும் இப்படின்னு நினைச்சுடாதீங்க, மரப்பொந்துல கூடு வைக்கிற பாம்பஸ் ஹிப்னோரம்ங்கிற இனத்துல சில ராணிங்க ஒண்ணுக்கு மேல சேர்றது உண்டு.

கேள்வி: சேர்ந்து முடிச்சதும் நம்ம ஊர் ஆண் தேனீ செத்துப்போகுமே, இதுவும் அப்படித்தானா? (ஒரு மாணவி, தஞ்சாவூர்)

பதில்: இல்லம்மா. நம்ம ஊர் ஆணுக்கு உறுப்பே பிய்ஞ்சு போய் அங்கயே சாவு. குண்டுத் தேனீ ஆண் எந்திரிச்சு துடைச்சுக்கிட்டுப் போயிடும், சான்ஸ் கிடைச்சா இன்னொரு ராணி கூடவும் சேரும். ஆனா ஒண்ணு, பிறந்த கொஞ்ச நாள்லயே அதுக்கு விந்து தயாராகுறது நின்னுடும், கையில இருக்கிற கையிருப்புதான், செலவு பண்ணப் பண்ணக் குறையும். கூட்டை விட்டு ஒரு தடவை கிளம்பினா திரும்பி வராது. கொட்டவும் தெரியாது (கொடுக்கே கிடையாது), மகரந்தம் சேர்க்கவும் தெரியாது, ராத்திரி பூ மேலயே படுத்துத் தூங்கும். காலையில பனி நனைஞ்சு பூவுல மரக்கட்டை மாதிரி ஒரு பம்பிள் பீ உக்காந்திருந்தா பெரும்பாலும் அது ஆண்தான். பெரும்பாலானதுக்கு கடைசி வரை ஜோடியே கிடைக்காது, ஏன்னா ஒரு கூட்டுல இருந்து வர்ற ஆண்களோட எண்ணிக்கை புது ராணிகளை விட ரொம்ப ஜாஸ்தி.

கேள்வி: அவ்ளோ பெரிய காட்டுல ஆணும் ராணியும் ஒருத்தரை ஒருத்தர் எப்படிங்க கண்டுபிடிக்குது? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: இதுக்கு சார்லஸ் டார்வின் கிட்டதான் போகணும். 1854 செப்டம்பர்ல இங்கிலாந்துல கென்ட் பக்கம் இருந்த அவரோட ‘டவுன் ஹவுஸ்’ங்கிற வீட்டுத் தோட்டத்துல, ஒரு மரத்தடிக்கு ஆண் குண்டுத் தேனீங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து ரீங்காரம் போட்டுட்டுப் போறதை அவரோட பையன் பார்த்துட்டு வந்து சொல்லியிருக்கான். மனுஷன் விடுவாரா. பின்னாடியே போய்ப் பார்த்தா, அது அங்கிருந்து வேலியோரம் ஒரு இடம், அப்புறம் பள்ளத்துல ஒரு இடம்னு வரிசையா ஸ்டாப்பிங்ல நின்னு நின்னு போற பஸ் மாதிரி ஒரே ரூட்ல சுத்துது. புதருக்குள்ள எல்லாம் அது பின்னாடி ஓட முடியாதுல்ல, அதனால தன்னோட பிள்ளைங்க அஞ்சாறு பேரை ஒவ்வொரு ஸ்டாப்லயும் நிறுத்தி வெச்சு, “தேனீ வந்தா கத்துங்கடா”ன்னு சொல்லிட்டார். பிள்ளைங்க கத்துற வரிசையை வெச்சு ரூட் மேப் போட்டார். தேனீ மேல மாவு தூவி அடையாளம் வெச்சும் பார்த்திருக்கார். அவருக்கு ஆச்சரியமா இருந்தது என்னன்னா, ஆண்கள் எல்லாம் குளிர் வந்தா செத்துடும், அடுத்த வருஷம் வர்றது புத்தம் புது ஆளுங்க, அப்படி இருந்தும் சில இடத்துல அதே ஸ்டாப்பிங்!

டார்வினுக்குப் புரியாதது பின்னாடி வந்தவங்களுக்குப் புரிஞ்சுது. ஆணோட தலைக்குள்ள ஒரு சுரப்பி இருக்கு, அதுல இருந்து வர்ற வாசனையை இலை, கிளை, மரப்பட்டைன்னு தடவிட்டுப் போறான், அப்புறம் அந்த இடங்களை நாள் முழுக்க ரவுண்டு அடிக்கிறான், பல ஆண்கள் ஒரே ரூட்டை ஷேர் பண்ணிக்கிறதும் உண்டு. வாசனையோட கலவை ஒவ்வொரு இனத்துக்கும் வேற. உயரம் கூட வேற வேற, டார்வின் பார்த்த பாம்பஸ் ஹார்டோரம் தரையை ஒட்டி, பாம்பஸ் லாபிடேரியஸ் மர உச்சியில. இப்படி உயரமும் வாசனையும் பிரிஞ்சு கிடக்கிறதால தப்பான இனத்து ராணி கிட்ட போய் நிக்கிற வாய்ப்பு குறையுது, இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசிக் கேள்வியில தேவைப்படும். எல்லாரும் ரவுண்டு அடிக்கிறவங்க இல்ல. சில இனத்துல ஆணுக்கு முட்டைக் கண்ணு, உயரமான இடத்துல உக்காந்துக்கிட்டு குறுக்க எது பறந்தாலும் பாய்வான். சிலது ராணி பிறக்கிற கூட்டு வாசல்லயே போய் காத்துக் கிடக்கும்.

கேள்வி: எங்க வீட்டு முருங்கையிலயும் கொடியிலயும் கன்னங்கரேல்னு பெருசா ஒண்ணு வருது. இதுவும் பம்பிள் பீதானே? (ஒரு வாசகி, கொடைக்கானல் அடிவாரம்)

பதில்: இல்லீங்க, அது மரத்தைத் துளைச்சு கூடு வைக்கிற கருவண்டு, பேர்ல வண்டுன்னாலும் அதுவும் ஒரு தேனீதான், ஆனா பம்பிள் பீ இல்ல, வேற ரகம். தென்னிந்தியாவுல பம்பிள் பீ இயற்கையா கிடையாது, இந்தியாவுல அதைப் பார்க்கணும்னா இமயமலைப் பக்கம் போகணும். பளபளன்னு மொட்டையா இருக்கிற வயிறு கருவண்டோடது, உடம்பெல்லாம் அடர்த்தியா முடி இருந்தா பம்பிள் பீ.

கேள்வி: ஒரே கூட்டுல பிறந்த அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்துட்டா என்ன ஆகும்? கேட்கவே ஒரு மாதிரி இருக்கு, ஆனாலும் கேட்கிறேன். (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான், கூச்சப்படாதீங்க. இதுக்குப் பதில் சொல்ல கொஞ்சம் கணக்கு போடணும். தேனீ இனத்துல கருவுற்ற முட்டை பெண்ணா ஆகும், கருவுறாத முட்டை ஆணா ஆகும், அதனால ஆணுக்கு அப்பா கிடையாது, தாத்தா மட்டும் உண்டு! பெண்ணுங்கிறதை முடிவு பண்றது ஒரு மரபணு, அதுல பல ரகம் இருக்கு. அம்மா கிட்ட இருந்து ஒரு ரகம், அப்பா கிட்ட இருந்து வேற ஒரு ரகம், ரெண்டும் வேற வேறயா இருந்தா பெண். ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னா ஆண். ரெண்டு இருந்தும் ரெண்டும் ஒரே ரகமா போச்சுன்னா? அதுவும் ஆண்தான், ஆனா உருப்படாத ஆண், அதுக்கு வாரிசு வர்றது ரொம்பக் கஷ்டம்.

இப்ப அண்ணன் தங்கச்சி சேர்ந்தா, அவங்க ரெண்டு பேர் கிட்டயும் பொதுவா ஒரே ரகம் இருக்க பாதிக்குப் பாதி சான்ஸ். அப்படி அமைஞ்சுட்டா அந்த ராணி இடுற கருவுற்ற முட்டையில பாதி, வேலைக்காரத் தேனீயா வர வேண்டியது இந்த வெட்டி ஆணா வந்து நிக்கும். வசந்த காலத்துல ராணி தனி ஆளா கூடு தொடங்குறா, மெழுகுல ஒரு சின்ன தேன் கலயம் பண்ணி வெச்சுக்கிட்டு, முட்டை மேல தன்னோட வயித்தை வெச்சு அடைகாத்து, வெளிய குளிர் அடிச்சாலும் அதை 30 டிகிரி கிட்ட வெச்சுக்கிட்டு, இடையில ஓடிப்போய் தேனும் குடிச்சுட்டு வரணும். அந்த முதல் பேட்ச் பிள்ளைங்கதான் அவளுக்குக் கை கால். அதுல பாதி சோம்பேறின்னா கூடு எழும்பவே எழும்பாது. தேனீப் பெட்டியில இந்த மாதிரி ஆண் புழுவை வேலைக்காரிங்களே சீக்கிரமா தின்னு தீர்த்துடும், குண்டுத் தேனீ பாவம் அதை வளர்த்து ஆளாக்கிடும், டபுள் நஷ்டம். அதனாலதான் ராணிங்க கூடப்பிறந்தவன்னா சேரத் தயங்குதுன்னு ஆராய்ச்சியில பார்த்திருக்காங்க. இனம் நல்லா பரவிக் கிடந்தா இது பெரிய விஷயமில்ல, காடு மேடெல்லாம் அழிஞ்சு துண்டு துண்டா எஞ்சி நிக்கிற கூட்டத்துல சொந்தக்காரனைத் தவிர வேற மாப்பிள்ளையே இல்லாம போகும்போதுதான் வினை.

கேள்வி: சரி, ஒரு ராணி ஜெயிச்சான்னு எதை வெச்சு சொல்வீங்க? கூட்டுல எத்தனை தேனீ இருக்குன்னு எண்ணினா போதுமா? (ஒரு ஆசிரியர், விழுப்புரம்)

பதில்: போதாது சார். வேலைக்காரங்க 300 பேர் இருந்தாலும் அது சொத்து இல்ல, எல்லாம் குளிருக்கு முன்னாடி செத்துடும். கணக்குல நிக்கிறது புது ராணிகளும், வெளிய போய் ஜோடி சேர்ற ஆண்களும் மட்டும்தான். ஒரு கட்டத்துல ராணி பெண் முட்டை இடுறதை நிறுத்திட்டு ஆண் முட்டைக்கு மாறுவா. 1988ல நெதர்லாந்துல டூஷட்டோ, வெல்ட்ஹவுஸ்னு ரெண்டு பேர் கூடு கூடா எண்ணிப் பார்த்ததுல, சில ராணிங்க முதல் வேலைக்காரி பிறந்த சுமார் 10 நாள்லயே மாறிடுறாங்க, சிலர் 3 வாரம் தாண்டித்தான் மாறுறாங்க. சீக்கிரம் மாறின கூட்டுல ஆண்கள் குவியும், லேட்டா மாறின கூட்டுல ராணிங்க அதிகம். சீக்கிரம் மாறுறது முட்டாள்தனம் மாதிரி தெரியும், ஆனா மத்த கூட்டு ராணிங்க வெளிய வரும்போது தன் பிள்ளைங்க ரெடியா ரவுண்டு அடிச்சுக்கிட்டு இருக்கணுமே, அந்தக் கணக்கு.

அதுக்குள்ள வீட்டுக்குள்ள கலவரம் வேற. வேலைக்காரிங்க ஜோடி சேராதவங்க, ஆனா கருவுறாத முட்டை இட முடியும், அதுல ஆண் வரும். சீசன் கடைசியில அவங்களும் முட்டை இட ஆரம்பிப்பாங்க, ராணி போய் அந்த முட்டையைத் தின்பா, அவங்க ராணி முட்டையைத் தின்பாங்க, தள்ளுமுள்ளு, சில கூட்டுல பெத்த பிள்ளைங்களே அம்மாவைக் கொட்டிக் கொன்னுடும்.

இதெல்லாம் தாண்டி வெளிய வந்த புது ராணிக்கும் கண்டம் விடல. மண்ணுக்குள்ள 6 மாசத்துக்கு மேல கூட தூங்கணும், உடம்புல கொழுப்பு சேர்த்திருக்கணும், டெரெஸ்ட்ரிஸ் ராணி 0.6 கிராமுக்குக் கீழ எடை இருந்தா குளிரைத் தாண்டாதுன்னு ஒரு ஆய்வுல பார்த்திருக்காங்க. மண்ணுல ஸ்பெருலேரியான்னு ஒரு உருளைப்புழு இருக்கு, தூங்குற ராணிக்குள்ள புகுந்துடும், வசந்த காலத்துல அவ எந்திரிச்சாலும் முட்டைப்பை வளராது, கூடு தேடுறதுக்குப் பதிலா மறுபடி தூங்குற இடத்தைத் தேடி மண்ணைக் கிளறிக்கிட்டுத் திரிவா, அங்க புழு தன் குஞ்சுகளை இறக்கிட்டு அடுத்த ராணிக்குக் காத்திருக்கும். அப்புறம் மனுஷன். ஸ்காட்லாந்துல ஸ்டெர்லிங் பல்கலைக்கழகத்துக்காரங்க 75 கூடு வெச்சு, அதுல பாதிக்கு மேல இமிடாகுளோப்ரிட் பூச்சிமருந்தை வயல்ல கிடைக்கிற அளவுக்கே கலந்து கொடுத்துப் பார்த்தாங்க, 2012ல வெளியாச்சு. மருந்து படாத கூட்டுல சராசரி 13, 14 புது ராணி, மருந்து பட்ட கூட்டுல ரெண்டு, இல்ல அதுக்கும் கம்மி. மருந்து பட்ட கூடு ஒண்ணும் செத்து விழல, எடை கொஞ்சம் கம்மி, அவ்ளோதான், பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. தலை எண்ணி ஏமாறாதீங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

கேள்வி: ஓசூர்ல பாலிஹவுஸ்ல தக்காளி போடுறேன். வெளிநாட்டுல பம்பிள் பீ பெட்டியை விலைக்கு வாங்கி உள்ள வெச்சா காய் பிடிப்பு சூப்பரா இருக்குமாம், நம்மளும் இறக்கினா என்ன? (ஒரு விவசாயி)

பதில்: காய் பிடிப்பு நல்லா இருக்கும்ங்கிறது உண்மை. தக்காளிப் பூவை உடம்பால அதிர வெச்சாதான் மகரந்தம் கொட்டும், அதுல குண்டுத் தேனீ கில்லாடி. 1987ல பெல்ஜியத்துல ஆரம்பிச்ச பிசினஸ் இது, இன்னிக்கு உலகம் முழுக்க பெட்டி பெட்டியா போகுது. ஆனா ஜப்பான்ல என்ன ஆச்சுன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

1990கள் தொடக்கத்துல அங்க தக்காளிக்காக ஐரோப்பாவோட டெரெஸ்ட்ரிஸை இறக்கினாங்க. கண்ணாடி வீட்டுக்குள்ள இருக்கும்னுதான் நினைச்சாங்க, 1996ல ஹொக்கைடோவுல வெளியில இயற்கையா கூடு வெச்சதைப் பார்த்தாச்சு. அங்க பாம்பஸ் ஹிப்போக்ரிட்டான்னு உள்ளூர் இனம் இருக்கு, ரெண்டும் நெருங்கின சொந்தம். நான் மேல சொன்ன வாசனை, ரூட்டு எல்லாம் ஒரே ஊர்ல சேர்ந்து வளர்ந்த இனங்களைப் பிரிச்சு வைக்கும், எங்கிருந்தோ பெட்டியில வந்து இறங்கினவனுக்கும் உள்ளூர்க்காரிக்கும் நடுவுல அந்த வேலி இல்ல. வெளிநாட்டு ஆண் போய் உள்ளூர் ராணியோட சேர்ந்துட்டான். முட்டை கருவுறும், ஆனா பொரியாது. ராணிங்களைப் பிடிச்சு விந்துப்பைக்குள்ள இருந்த விந்து யாரோடதுன்னு டிஎன்ஏ பார்த்து 2009ல சொன்னாங்க, உள்ளூர் இனத்துல ஒரு வகையில 30 சதவீதம், இன்னொரு வகையில 20 சதவீதம் ராணிங்க கிட்ட இருந்தது வெளிநாட்டு ஆணோட விந்து!

தேனீப் பெட்டி ராணியா இருந்தா பத்துல ஒருத்தன் தப்பான ஆளுன்னா மிச்ச ஒன்பது பேரை வெச்சு சமாளிச்சுடுவா. இவளுக்கு ஒரே சான்ஸ், அதையும் பசை போட்டு மூடிட்டுப் போயிட்டான், அவ குளிர் முழுக்க மண்ணுக்குள்ள தூங்கி எந்திரிச்சு வந்து அடைகாத்துக்கிட்டு உக்காந்திருப்பா, ஒரு வேலைக்காரி கூட வெளிய வராது. 2006ல ஜப்பான் அரசு சட்டம் போட்டு அதை அன்னிய ஆக்கிரமிப்பு இனம்னு அறிவிச்சு, அனுமதி வாங்கி வலை கட்டின பசுமைக்குடில்ல மட்டும் வெச்சுக்கலாம்னு கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க. சிலியில 1998ல இறக்கினதும் ஆண்டிஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினா வரைக்கும் போயாச்சு, அங்க பாம்பஸ் டால்போமின்னு ஆரஞ்சு கலர்ல இருக்கிற பெரிய உள்ளூர் குண்டுத் தேனீ பல இடத்துல காணாம போச்சு, அங்க காரணம் நோயும் போட்டியும்னு சொல்றாங்க.

தெற்குல உள்ளூர் பம்பிள் பீயே இல்லையே, அப்ப யாரோட போய் சேரப்போகுதுன்னு நீங்க கேட்கலாம். இமயமலையில இருக்கே, ஒரு நாட்டுக்குள்ள வந்த பெட்டி ஓசூரோட நிக்கும்னு யார் உத்தரவாதம் தர்றது? என்னைக் கேட்டா வேண்டாம். பூவை அதிர வைக்கிற வேலையை நம்ம கருவண்டும் செய்யும், நீலப்பட்டைத் தேனீன்னு வயித்துல நீல வரி போட்ட ஒண்ணு இருக்கே, அதுவும் செய்யும். நீலப்பட்டை மண்சுவர்லயும் வரப்புச் சரிவுலயும் துளை போட்டுத்தான் கூடு வைக்கும், அதனால பாலிஹவுஸை ஒட்டி சிமென்ட் பூசாம கொஞ்சம் மண் சரிவை அப்படியே விட்டு, சுத்தி துளசி நட்டு, பூக்கிற நேரத்துல மருந்து அடிக்காம ஒரு சீசன் பாருங்க. வலைக்குள்ள அதை எப்படி வரவைக்கிறதுங்கிறதுதான் சிக்கல், பூக்கிற நேரத்துல பக்கவாட்டு வலையைக் காலையில தூக்கி விடலாம், இல்லேன்னா இப்பவே நிறைய பேர் பண்ற மாதிரி பேட்டரியில ஓடுற அதிர்வுக் குச்சியை வெச்சு ஆள் விட்டுத் தட்டுறதுதான் வழி.